உள்ளூர்ப் பொருளும் ஊர்ப் பேருந்தும்

(வலியசாலையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். சென்ற ஆண்டுகளில் இங்கே கம்பனையும் இளங்கோவையும் கேட்டு மகிழ்ந்தோம். இன்று நாம் அப்பளத்தைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் பேச வந்துள்ளோம் என்றால் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். பூக்கட்டும். சென்ற ஆண்டு விழாவன்று நம் சங்கத்தார் செய்த ஒரு பிழை நம் நெஞ்சை இன்னும் அரித்துக்கொண்டிருக்கின்றது. அதனைச் சொல்லிவிட்டே மற்றவற்றுக்குச் செல்வோம்.

நம் விழா விருந்துக்கு அப்பளம் எங்கிருந்து வந்ததென்று உங்களுள் மூத்தோர் அறிவர். அக்கிரகாரத்தின் கோடி வீட்டில் வாழும் அம்மையார் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்கு அப்பளம் இட்டுக் கொடுத்து வந்தார். எழுதி வைத்த ஒப்பந்தம் ஏதுமில்லை. விழா நாள் அறிவிப்பைத் தெருவில் ஒட்டியதும் அவர் உளுந்து வாங்கிவிடுவார். சென்ற ஆண்டும் அவ்வாறே 6 கிலோ உளுந்து மாவு கடனுக்கு வாங்கி, பிரண்டைச் சாறு பிழிந்து, காரமும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்து, 600 அப்பளம் இட்டு, மொட்டை மாடியில் உலர்த்தி எடுத்து அடுக்கி வைத்துவிட்டார். விழாவுக்கு முதல்நாள் மாலை வரை எவரும் வந்து கேட்கவில்லை. மறுநாள் பந்தியில் பரிமாறப்பட்டது, பொட்டலத்தில் அடைத்து வந்த பெருநிறுவனத்து அப்பளம்.

அப்பொட்டலத்தின்மீது நாம் குறை கூறவில்லை. நன்றாகவே பொரிந்தது, உண்டோர் எவரும் முகம் சுளிக்கவில்லை. கணக்குப் பார்த்தால் சில நூறு ரூபாய் மிச்சமும் ஆயிற்று. பின்னர் விருந்துப் பொறுப்பேற்றிருந்த இளைஞரை அழைத்து, "தம்பி, மாமியிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். அவர் கள்ளமில்லாத பிள்ளை. சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடையில் நின்றபோது மாமி நினைவுக்கே வரவில்லை, ஐயா. இந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. தினமும் பஸ்ஸின் பின்னால் பார்க்கிற பெயர்."

அன்பர்களே, விளம்பரத்தின் தீமை யாது என்று கேட்டால், அது பொய் சொல்கின்றது என்பர் பலர். பொய் சொல்லும் விளம்பரங்கள் உண்டு. அவற்றைத் தடுக்கச் சட்டமும் உண்டு. அந்த இளைஞரிடம் விளம்பரம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான்கு வீடு தள்ளி இருபது ஆண்டுகளாக இருந்த ஒருவரை அவர் நினைவிலிருந்து ஓசையின்றி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் தன்னை வைத்துக்கொண்டது. மறக்கச் செய்தலே அதன் பெருந்தொழில் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று. அந்த மறதியை ஊர் ஊராகச் சுமந்து செல்வது நம் பொதுச் சொத்தாகிய பேருந்து என்பதுதான் இன்னும் வருத்தம் தருவது.

வலியசாலையில் வாழும் நமக்கு வாணிகத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சோழர் கல்வெட்டுகள் குறிக்கும் காந்தளூர்ச் சாலை இப்பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றும் நம்மிடையே நின்று அப்பெயரைக் காத்து வருகின்றது. அருகே சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராசா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை நிறுவினார். தென்பாண்டி நாட்டிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வணிகர் அங்கே கடை விரித்தனர். நம்முள் பலருடைய பாட்டனார் இந்நகருக்கு வந்தது ஒரு துணி மூட்டையோடோ, ஒரு வெல்லச் சிப்பத்தோடோதான். அந்நாளில் அவர்களுக்கு விளம்பரம் என்பது கடை வாயிலில் தாமே நிற்பது. எடை குறைந்தால் மறுநாள் காலையில் கேட்க ஆள் வரும். அந்த அச்சமே நாணயத்துக்குக் காவலாக இருந்தது. எல்லாரும் நாணயமானவர் என்று நாம் சொல்ல வரவில்லை. சாலையில் எடைக்கல்லோடு விளையாடியவர்களையும் நாம் அறிவோம். ஆனால் அவர்களைப் பெயர் சொல்லித் திட்ட முடிந்தது.

இனிப் பேருந்துக்கு வருவோம். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராசா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணிபுரிந்த சால்ட்டர் என்பார் அதற்குக் கண்காணிப்பாளராக வரவழைக்கப்பட்டார். அடிச்சட்டங்களும் டீசல் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. ஆனால் வண்டிக்குக் கூடு கட்டும் வேலை இங்கேயே நடந்தது. முதல் வழித்தடம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அப்பொழுது திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் முதல் நாளில்தான் அவை தமிழகத்தோடு இணைந்தன. ஆகவே அப்பேருந்தில் முதன்முதல் ஏறி அமர்ந்தவர்களுள் நம்மவர் ஏராளம் என்று சொன்னால் மிகையாகாது. உறவை விட்டுப் பிரிந்து வந்தவர்க்கு அது வெறும் வண்டி அன்று. திங்கள்தோறும் ஊருக்குச் சென்று வரும் வழி.

1965இல் அது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று. அதன் சின்னத்தில் இரண்டு யானைகள் இருத்தலால் மலையாளிகள் அதனை 'ஆனவண்டி' என்று செல்லமாக அழைப்பர். சிவப்பும் மஞ்சளும் கலந்த அவ்வண்டியைத் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். நம் வீட்டு மூதாட்டியர் பலர் மலையாள எழுத்து அறியாதவர். பலகையைப் படித்து ஏறுவோர் அல்லர். நிறத்தைப் பார்த்து எழுந்து நிற்பர், நடத்துநரிடம் கேட்டு ஏறுவர். அவ்வண்டி ஒருநாள் சோப்பின் நிறத்திலும் மறுநாள் நகைக்கடையின் நிறத்திலும் வந்தால் அவர்கள் என் செய்வர்? கிள்ளிப்பாலம் நிறுத்தத்தில் அப்படித் தயங்கி நின்று வண்டியைத் தவறவிட்ட முதியவரை நாம் கண்டிருக்கின்றோம். சின்னத்துக்காகவும் பெயருக்காகவும் கேரளக் கழகமும் கருநாடகக் கழகமும் பல்லாண்டு வழக்காடின. கேரளத்தின் எதிர்ப்பை ஏற்காமல் 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை முடித்தது. அத்துணை அரும்பாடு பட்டு உரிமை கோரிய யானைகளைக் கூலிக்கு ஒட்டும் தாளால் மறைப்பது விந்தை அன்றோ?

கண்ணுக்கு நேரும் இடையூறு இதனினும் பெரிது. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, பாலக்காட்டு மாவட்டத்து வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற தனியார் சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி 9 பேர் உயிரிழந்தனர். அதன்பின் கேரள உயர் நீதிமன்றம் வண்டிகளின் வண்ண விளக்குகளையும் அலங்காரங்களையும் ஆராயப் புகுந்தது. அதே மாதம், அரசுப் பேருந்துகளிலும் பிற ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் விளம்பரங்கள் கூடா என்று ஆணையிட்டது. விளம்பரத்தால் அவ்விபத்து நேர்ந்தது என்று எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லோம். ஆனால் சாலையில் முன்செல்லும் வண்டியின் முதுகு, பின்வருவோர் எச்சரிக்கை விளக்கைப் பார்க்க வேண்டிய இடம். விளம்பரம் செய்வோர் அவ்விடத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க முன்வருவது எதனால்? பின்வருவோன் கண் அங்கே நிலைக்கும் என்பதனால். அவர்கள் விலை கொடுத்து வாங்குவது அந்தக் கண்ணைத்தான். ஓட்டுநரின் கண் விற்பனைக்குரிய சரக்கா என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி என நாம் கொள்கின்றோம்.

கழகம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. விளம்பரத்தால் திங்கள்தோறும் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைப்பதாக எடுத்துரைத்தது. பிற ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்காதவாறு விளம்பரங்களை அமைப்பதாகத் திட்டம் ஒன்றையும் முன்வைத்தது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற ஆணையை நிறுத்தி வைத்தது. விளம்பரங்கள் மீண்டன.

கழகத்தின் பக்கத்து நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அரசின் கையை எதிர்பார்த்து அது தவித்தது நாடறிந்தது. ஓய்வூதியம் வருமா என்று மாத முதலில் வங்கிக்கும் வீட்டுக்கும் நடந்த முன்னாள் நடத்துநர்கள் நம் தெருக்களிலும் உண்டு. அவர்கள் முன் நின்று, "அழகு கெடுகிறது, அந்தப் பணம் வேண்டாம்" என்று சொல்ல நமக்கு வாய் வாராது. பணம் வேண்டும், அதனை எவ்விடத்திலிருந்து, எவரிடமிருந்து பெறுவது என்பதே நம் கேள்வி.

பயணத்தையும் வாணிகத்தையும் ஒன்றாகக் கட்டி மக்களை மயக்கிய கதை தமிழர்க்குப் புதிதன்று. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடின. எதிரில் நின்ற ஆங்கிலக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் போதாதென்று, இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்கு ஒரு குடை தருவதாகவும் அறிவித்தது. அந்தக் குடையை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. பெற்றவர் அதனை விரித்துக்கொண்டு தெருவில் நடந்திருப்பார். நடந்த தொலைவெல்லாம் அது அக்கம்பெனிக்கு விளம்பரம். குடை வாங்கியவர் தீயவர் அல்லர். வெயிலுக்குக் குடை வேண்டும் ஏழைதான். ஆயினும் குடையை விலையின்றிக் கொடுக்க முடிந்தவனோடு, அதனைக் கொடுக்க முடியாத சுதேசிக் கம்பெனி எத்துணை நாள் போட்டியிட முடியும்? 1908இல் வ. உ. சி. சிறை சென்றார். 1911க்குள் கம்பெனியும் கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விலை போயின. இன்று பொட்டலத்தோடு இலவசமாக வரும் கரண்டியைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தக் குடை நினைவுக்கு வருகின்றது. கரண்டிக்கும் பேருந்துத் தாளுக்கும் உரிய காசு பொட்டலத்தின் விலையிலேயே அடங்கியிருக்கின்றது என்பதை வாங்குவோர் எண்ணுவதில்லை.

பேருந்தின் பக்கவாட்டை வாடகைக்குப் பிடிக்க இயலாதவர் யார் என்று பாருங்கள். தொலைவு செல்ல வேண்டா. நாகர்கோவில் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் பாலராமபுரம் வந்துவிடும். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், அங்கே தமிழ்நாட்டுச் சாலியர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இன்றும் அத்தெருக்களில் தமிழ் கேட்கலாம். குழித்தறியில் அமர்ந்து கையால் நாடா எறிந்து நெய்யும் துணி அது. அதன் முகமும் முதுகும் ஒன்றுபோல் இருக்கும். பாவுக்குக் கஞ்சி ஏற்றும் வேலை விடியற்காலையில் தெருவிலேயே நடக்கும். நூல்களை நெடுக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பெரிய தூரிகையால் வாரி உலர்த்துவர். மழை வந்தால் அன்றைய வேலை போயிற்று. 2009இல் அத்துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததே ஒழிய, அதனைப் பறைசாற்ற நெசவாளியிடம் பணம் ஏது? திருவோணம் வந்தால் நகரெங்கும் கசவு வேட்டி விற்கின்றது. விசைத்தறியில் நெய்த போலியும் அதே பெயரில் விற்கின்றது. நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம், அப்போலியில் பெரும்பகுதி ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வருவது. ஆகையால் உள்ளூர் என்று நாம் சொல்லும்பொழுது மொழியைக் கருதிச் சொல்லவில்லை. யார் கை செய்தது, அக்கைக்குக் கூலி சேர்ந்ததா என்பதையே கருதுகின்றோம்.

விளம்பரமின்றி நெசவாளியைக் காக்க முடியாதா என்று கேட்பீராயின், முடியும் என்பதற்குக் கேரளமே சான்று. 2017ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறித் துணியில் சீருடை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தறியை மூடிவிட்டு வேறு கூலிக்குச் சென்ற சிலரும் மீண்டும் குழியில் இறங்கினர். ஒரு சுவரொட்டியும் ஒட்டப்படவில்லை. வாங்குவோர் இருந்தனர், அவ்வளவே. கூலி வந்து சேரும் காலத்தாழ்வு பற்றி நெசவாளர் குறைப்பட்டதும் உண்டு; அதனையும் சொல்லாமல் விடுதல் முறையன்று.

இவ்விடத்தில் உங்களுள் குறும்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, நம் ஆண்டு மலரின் பின்பக்கங்களில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். விளம்பரங்கள்தாம். பாத்திரக் கடை, மளிகைக் கடை, பூக்கடை, நாட்டு மருந்துக் கடை! அவை இல்லையேல் மலர் அச்சேறாது. இதற்கு விடை தேடிச் சில நாள் உழன்றோம். கண்ட விடை இது. மலரில் விளம்பரம் தந்தவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் விற்ற பாத்திரம் ஓட்டையானால் நாளைக் காலை அவர் கடைக்குச் சென்று சண்டையிடலாம். மலரை விரும்பியவர் விரிக்கின்றார், விரும்பாதவர் மூடி வைக்கின்றார். பேருந்தை மூடி வைக்க முடியுமா? பயணச் சீட்டுக்குக் காசு கொடுத்து ஏறியவர்க்கும், ஏறாமல் தெருவில் நடப்பவர்க்கும், படிக்கத் தொடங்கிய சிறுவர்க்கும் அது வலிந்து காட்டப்படுகின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் முதலிற் படிப்பது பேருந்திலுள்ள இனிப்பு நீரின் பெயரை அன்றோ! இவ்விடை முழுமையானது என்று நாம் சாதிக்கவில்லை. பாத்திரக் கடைக்காரரும் ஒரு நாள் பேருந்தில் எழுதும் அளவுக்கு வளரக்கூடும், அப்பொழுது நம் வாதம் சற்றுத் தடுமாறும்.

பெருநகரங்கள் இதனை எண்ணிப் பார்த்துள்ளன. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரம் 2007 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் தெருப் பலகைகளை நீக்கியதோடு பேருந்து, வாடகைக் கார் ஆகியவற்றின் விளம்பரங்களையும் தடுத்தது. நம் சால்ட்டர் புறப்பட்டு வந்த இலண்டனில், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப் பண்டங்களின் விளம்பரங்களை 2019 பிப்ரவரி முதல் பேருந்துகளிலும் சுரங்க இரயிலிலும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தனர். விளம்பர வருவாயை அவர்கள் முற்றும் துறக்கவில்லை. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று தாமே வரையறுத்தனர். நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்துவிட்டது. ஒருகாலத்தில் சுருட்டும் பீடியும் சுவர்தோறும் எழுதப்பட்டிருந்தன. அவ்வருவாய் போனதால் எந்த ஊரும் மூழ்கிவிடவில்லை.

ஆகவே நம் சங்கத்தின் பெயரால் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கின்றோம். கையொப்பமிட விரும்புவோர் வாயிலில் உள்ள மேசைக்கு வருக. பேருந்தின் முகமும் முதுகும் கண்ணாடியும் யானைச் சின்னமும் விளம்பரமின்றி விடப்பட வேண்டும் என்பது அதன் முதற்பகுதி. வண்டியின் உள்ளே, சன்னல்களுக்கு மேல் ஓடும் பட்டையில், அந்தந்தப் பணிமனையைச் சூழ்ந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், 1998 முதல் இயங்கி வரும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களுக்கும் சிறு கட்டணத்தில் இடம் ஒதுக்குக என்பது இரண்டாம் பகுதி. அமர்ந்திருப்பவர் படிக்கலாம், ஓட்டுநர் கண்ணுக்கு அது படாது. சிறு கட்டணம் பெருங்கட்டணத்துக்கு ஈடாகாது என்று கணக்கர் சொல்வர். உண்மைதான். பக்கவாட்டு விளம்பரங்களை முற்றும் நீக்குக என்று கேட்கத் துணியாமல் நாம் எழுதியதும் அது பற்றியே. நம் செயற்குழுவில் இதுபற்றிக் கருத்து வேற்றுமை இருந்தது. முற்றும் நீக்குக என்றே கேட்க வேண்டும் என்போர் தனியே எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றனர்.

கழகத்துக்கு எழுதுவது எளிது. நம் கணக்குப் புத்தகத்தைத் திருத்துவது சற்றே கடினம். விழா முடிந்த மறு வாரம் நாம் சிலர் அந்த அம்மையார் இல்லத்துக்குச் சென்றோம். இட்ட அப்பளத்தைச் சிற்றுண்டிச்சாலை ஒன்றுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உளுந்துக் கடனை மூன்று தவணையில் அடைத்தாராம். நாம் பணத்தை நீட்டியபொழுது கையை நீட்டவில்லை. "தானம் வேண்டாம். அடுத்த வருஷம் வேணும்னா வேணும்னு, வேண்டாம்னா வேண்டாம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்.

அந்த ஒரு வார்த்தையை இவ்வாண்டு ஒரு மாதத்துக்கு முன்பே, சென்ற ஆண்டு பொட்டலம் வாங்கிய அதே இளைஞர் சென்று சொல்லி வந்தார். முன்பணமும் கொடுக்கப்பட்டது. வேட்டிகள் பாலராமபுரத்துக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும், இலையும் வெல்லமும் சாலைக் கடைத்தெருவிலிருந்தும் வந்துள்ளன. செலவு சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கின்றது. எவ்வளவு என்பதைப் பொருளாளர் பொதுக்குழுவில் படிப்பார், கேள்வி கேட்போர் அங்கே கேட்கலாம். இலை போட்டாயிற்று என்று பின்னாலிருந்து கை காட்டுகின்றார்கள். பந்தியில் அப்பளம் பரிமாறும்பொழுது, உடைந்திருந்தால் அம்மையாரிடமே நேரில் சொல்லுங்கள். அவர் மகளிர் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.